காலை வானொலி நிகழ்ச்சியில் நேர்காணல், பாட்டு, ஊர்க்கலை: எதை எங்கே வைப்பது?

கேள்வி: பென்னாகரம் தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம் வட்டாரத்தில் உள்ள கல்லூரி ஒன்று சமுதாய வானொலி தொடங்க இருக்கிறது. காலை ஆறரை மணியிலிருந்து எட்டரை மணி வரை நாள்தோறும் ஒலிபரப்பாக வேண்டிய நிகழ்ச்சியைத் திட்டமிடும் பொறுப்பு, அங்கே தமிழ் கற்பிக்கும் எனக்கும் ஆர்வமுள்ள மாணவியர் சிலருக்கும் வந்திருக்கிறது. நேர்காணல், இசை, ஊர்ப் பண்பாடு ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஏற்கிறார்கள். எந்த அளவில், எந்த வரிசையில் என்று வரும்போதுதான் பேச்சு நின்றுவிடுகிறது.

எங்கள் பகுதியில் தருமபுரி ஆகாசவாணியின் 102.5 பண்பலை இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் போனால் பெங்களூருப் பண்பலைகள் கேட்கின்றன. கைப்பேசியில் எந்த ஊர்ப் பாட்டும் கிடைக்கிறது. இவ்வளவும் இருக்கும்போது புதிதாக ஒரு சிறு நிலையம் காலையில் எதற்காக ஒருவரை நிறுத்தி வைத்துக் கேட்கச் செய்ய முடியும் என்பதே என் மனத்தில் முதலில் நிற்கும் கேள்வி. திரைப்பாடல்களைத் தொடர்ந்து போட்டு, இடையிடையே அறிவிப்பாளர் பேசினால் போதும் என்று குழுவில் ஒரு பகுதியினர் சொல்கிறார்கள். நாள்தோறும் ஒரு பெரிய மனிதரை அழைத்து அரைமணி நேரம் பேச வைக்க வேண்டும் என்று வேறு சிலர் விரும்புகிறார்கள். எனக்கோ கூத்து, பம்பை, நடுகல், களியும் சாமையும் கொண்ட நம் சமையல், சித்தேரி மலையின் வாழ்க்கை ஆகியவை காலையிலேயே ஒலிக்க வேண்டும் என்ற ஆசை. ஆனால் பண்பாடு என்று பேச்செடுத்தாலே அதியமானும் ஔவையாரும் நெல்லிக்கனியும் என்று தொடங்கி அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பெருமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்று வாழும் மனிதர்களின் குரல் அதில் எங்கே என்பதுதான் என் கவலை.

வானொலியில் பணியாற்றியவர்களும், காலையில் வானொலி கேட்டுக்கொண்டே வேலை செய்பவர்களும் இங்கே இருப்பீர்கள். நேர்காணல் எவ்வளவு நீளம் இருக்கலாம், பாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது, ஊர்க்கலைக்குத் தனிப் பகுதி ஒதுக்க வேண்டுமா அல்லது நிகழ்ச்சி முழுவதும் கலந்து தர வேண்டுமா என்று உங்கள் அனுபவத்தைச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: தருமபுரி, ஓய்வுபெற்ற அறிவிப்பாளர்

அம்மா, வணக்கம். வேறு மாவட்டத்து வானொலி நிலையம் ஒன்றில் பகுதிநேர அறிவிப்பாளராக நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் நேர்காணலுக்கும் பாட்டுக்கும் விகிதம் தேடுகிறீர்கள். அதற்கு முன்னால் உங்கள் நேயர் ஆறரை மணிக்கு எங்கே நிற்கிறார், ஏழேகாலுக்கு எங்கே நிற்கிறார், எட்டு மணிக்கு எங்கே நிற்கிறார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலை வானொலியைப் பலர் கடிகாரமாகத்தான் கேட்டார்கள். முத்திரை இசை ஒலித்தால் எழுவதும், மங்கல இசை முடிவதற்குள் வாசல் தெளிப்பதும், ஏழேகால் மணிக்குத் தில்லியின் தமிழ்ச் செய்தி தொடங்கினால் பிள்ளைகளைக் குளிக்க விரட்டுவதும் பல வீடுகளில் ஒழுங்காக நடந்தன. ஆகாசவாணியின் அந்த முத்திரை இசையை 1936-இல் அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்ற ஐரோப்பியர் என்பது கேட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. நேரம் மட்டும் தெரியும்.

நம் பக்கத்தில் ஆறரையிலிருந்து ஏழு வரை மாட்டுத் தொழுவம், பால் சங்கம், மல்பெரித் தோட்டம் என்று கைகள் வேலையில் இருக்கும். காது ஓய்வாக இருக்கும். ஏழிலிருந்து ஏழே முக்கால் வரை அடுப்படியும் பள்ளிக்கூடப் பையும்தான். அப்போது யாருக்கும் நீண்ட பேச்சைப் பின்தொடர இயலாது. அதற்குப் பிறகு பேருந்துக்காக நிற்பவர்களும், கடை திறப்பவர்களும், பிள்ளைகளை அனுப்பிவிட்டு மூச்சு விடும் பெண்களும் கேட்கிறார்கள். ஆகவே நேர்காணலின் கனமான பகுதியை ஏழு மணிக்கு முன்னால் வையுங்கள். நடுவில் உள்ள முக்கால் மணி நேரத்தில் பாட்டும் நேரமும் சிறு அறிவிப்புகளும் மட்டும் இருக்கட்டும். எட்டு மணியை ஒட்டி அதே விருந்தினரின் பேச்சிலிருந்து வேறொரு துண்டை நான்கைந்து நிமிட அளவில் தரலாம். ஒவ்வொரு துண்டுக்கு முன்னும் பின்னும் அவர் பெயரையும் ஊரையும் தொழிலையும் திரும்பச் சொல்ல வேண்டும். அச்சில் படிப்பவர் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்வார். வானொலியில் நடுவில் வந்து சேர்ந்தவருக்கு அந்த வழி கிடையாது.

பெரிய மனிதரை அழைத்து அரைமணி நேரம் பேச வைப்பது பற்றி எனக்கு வலுவான கருத்து உண்டு. பதவியில் இருப்பவர் பேச வந்தால் தம் பதவியைத்தான் பேசுவார். அவரிடமிருந்து கேட்கக் கூடியது பெரும்பாலும் அச்சிட்ட தாளிலேயே இருக்கும். கிணறு வெட்டுபவர், புளி அடிக்கும் பெண், ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர், மாங்கன்று ஒட்டுக்கட்டுபவர் ஆகியோர் தம் கைத்தொழிலைப் பேசும்போதுதான் வேறெங்கும் கிடைக்காத செய்தி வெளிவரும். கேள்வியும் அதற்கேற்ப இருக்க வேண்டும். “தொழில் எப்படிப் போகிறது?” என்று பரிசல்காரரைக் கேட்டால், “ஏதோ போகிறது” என்று முடித்துவிடுவார். “ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்பதை எந்த அடையாளத்தை வைத்து முதலில் கண்டுகொள்வீர்கள்?” என்று கேட்டால் அவர் பாறையையும், நிறத்தையும், ஓசையையும் விவரிக்கத் தொடங்குவார். கேட்டுவிட்டு அறிவிப்பாளர் பேசாமல் இருக்கப் பழக வேண்டும். சில நொடி அமைதி வந்தவுடன் அடுத்த கேள்வியைத் திணிப்பதால், பேசுபவர் சொல்ல எடுத்த முக்கியமான சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

பாட்டை நேர்காணலிலிருந்து தேர்ந்தெடுங்கள். பேச வருபவரிடம் அவர் இளமையில் விரும்பிய பாடல்கள் எவை என்று முன்கூட்டியே கேட்டு, அவற்றில் இரண்டை அவர் பேச்சுக்கு இருபுறமும் வைத்தால், பாட்டும் பேச்சும் ஒரே மனிதரைச் சுற்றி அமைந்துவிடும். இதே பாடலைக் கைப்பேசியில் கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இண்டூரில் மூங்கில் கூடை முடையும் ஒருவர் தம் திருமண நாளில் ஒலிபெருக்கியில் ஒலித்தது இந்தப் பாட்டு என்று சொன்ன பிறகு அதைக் கேட்பது வேறு.

ஆகாசவாணி 1984-இல் நாகர்கோவிலில் உள்ளூர் வானொலி நிலையத்தைத் தொடங்கியபோது, மாநிலத்துக்கே பொதுவான நிகழ்ச்சியைக் குறைத்து ஒரு வட்டாரத்தின் பேச்சையும் தேவையையும் முன்னால் வைப்பதுதான் அதன் நோக்கம். உங்கள் நிலையம் அதைவிடச் சிறியது என்பதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நேயரின் ஊர்ப்பெயரை நீங்கள் நாள்தோறும் உச்சரிக்க முடியும்.

மறுமொழி: பாலக்கோடு, பட்டு விவசாயி

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். ஐயா எழுதியதில் ஒன்றை ஏற்கிறேன், ஒன்றை மறுக்கிறேன்.

காலையில் நான் புழு வளர்ப்பு மனையில் இருக்கிறேன். ஐந்தாம் பருவத்துப் புழு தின்னும் வேகத்துக்கு இலை வெட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தத் தீவனத்தில் மிகப் பெரும்பகுதியை அந்தக் கடைசி ஒரு வாரத்தில்தான் அது தின்கிறது. மனைக்குள் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் கைப்பேசியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க முடியாது. கம்பத்தில் மாட்டிய வானொலிப்பெட்டிதான் துணை. அதனால் வானொலிக்குக் கைப்பேசி போட்டி என்ற பேச்சு எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது. தொடாமல் கேட்கக் கூடியது எதுவோ அது வேண்டும்.

நான் மறுப்பது, பேட்டியைத் துண்டு துண்டாக வெட்டுவதைப் பற்றி. ஒருவர் ஒரு தொழிலின் சிக்கலை விளக்கத் தொடங்கி, அது பிடிபடும் நேரத்தில் பாட்டு வந்துவிடுகிறது. திரும்பி வரும்போது வேறு செய்தி பேசிக்கொண்டிருக்கிறார்கள். பட்டுக்கூட்டின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியில் நேற்று இவ்வளவுக்குப் போனது என்று உச்ச விலையை மட்டும் சொன்னால் எனக்குப் பயன் குறைவு. ஒரே நாளில் ஒரே அங்காடியில் ஒரு குவியலுக்கும் இன்னொரு குவியலுக்கும் பெரிய வேறுபாடு வருகிறது. ஓட்டின் கனம், ஈரப்பதம், இரட்டைக் கூடுகளின் அளவு, புழு கூடு கட்டும் தட்டான சந்திரிகையிலிருந்து என்றைக்கு எடுத்தார்கள் என்பவை எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. நல்ல விலை பெற்ற ஒரு விவசாயியையும் அந்தக் குவியலை எடுத்த நூற்பாளரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பத்து நிமிடம் வெட்டாமல் பேசவிட்டால், அது எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்புக்குச் சமம். பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் தக்காளி மண்டி விலைக்கும் இதே முறை பொருந்தும்.

தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல் இரகம் 1960-களில் பரவியபோது, வானொலியில் கேட்டு விதைத்ததால் மக்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள் என்று என் தகப்பனார் சொல்வார். ஒரு விதைக்கு வானொலியின் பெயரையே வைக்கும் அளவுக்கு அந்தப் பேச்சு விளங்கும்படி இருந்திருக்கிறது.

திரைப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள் என்பதையும் பணிவுடன் சேர்த்துச் சொல்கிறேன். என் அம்மா ஒரு காலத்தில் இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர். பழைய பாட்டு வரும் என்ற நம்பிக்கையில்தான் பெட்டியைப் போடுகிறார், பிறகு பேட்டியையும் கேட்கிறார். பாட்டு இல்லையென்றால் அவர் பேட்டிக்கே வந்து சேர மாட்டார்.

மறுமொழி: காரிமங்கலம், கூத்து ஆர்வலர்

அம்மா, ஊர்க்கலைக்குத் தனிப் பகுதி வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ‘நமது பண்பாடு’ என்று பெயர் வைத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால், அது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள் போல ஆகிவிடும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு வெளியே நிகழ்ச்சியில் ஊரே இல்லாமல் போய்விடும். கூத்துக் கலைஞர் தம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றியும், சீசன் இல்லாத மாதங்களில் ஓசூருக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போவதைப் பற்றியும் பேசட்டும். அந்தப் பேச்சின் நடுவே அவர் பாடினால் அந்தப் பாட்டுக்கு ஒரு ஆள் கிடைக்கிறார்.

காலத்தோடு ஒட்டி வைப்பது இன்னும் முக்கியம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா கோடையில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். பெரும்பாலான ஊர்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவு முழுவதும் தெருக்கூத்து, அர்ச்சுனன் தபசு அன்று மரம் ஏறுதல், கடைசி நாள் காலையில் மண்ணால் படுக்கை வசத்தில் செய்த பெரிய துரியோதனன் உருவத்தின் மேல் அவன் போரில் வீழ்வதை நடத்திக் காட்டும் படுகளம். இதைவிடப் பெரிய தொடர் நிகழ்ச்சியை எந்த வானொலியாலும் உருவாக்க முடியாது. ஊரே அதை நடத்திக்கொண்டிருக்கிறது. உங்கள் ஒலிபரப்பு எல்லைக்குள் ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பதினெட்டு நாளும் காலை ஏழு மணிக்கு ‘நேற்றிரவு கூத்தில்’ என்று மூன்று நிமிடம் வையுங்கள். பாதிக் கூத்தில் தூங்கிப்போனவருக்கு விடுபட்டது கிடைக்கும். பணிக்காக வெளியூரில் இருந்து வார இறுதியில் மட்டும் வருபவருக்குக் கதை எங்கே நிற்கிறது என்று தெரியும்.

ஒலிப்பதிவு பற்றிச் சில செய்திகள் சொல்ல வேண்டும். கூத்துக் கலைஞர்களைக் கல்லூரியின் ஒலிப்பதிவு அறைக்கு அழைத்து வந்து பாட வைக்காதீர்கள். திறந்த வெளியில் நானூறு பேருக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை அது. நான்கு சுவர்களுக்குள் அவர்களே தங்கள் குரலைக் கண்டு கூசிப் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். களத்துக்கே போங்கள். பின்பாட்டுக்காரர்களும் ஆர்மோனியமும் இருக்கும் பலகைக்கு அருகில் ஒரு ஒலிவாங்கி, ஆடுபவருக்கு முன்னால் சற்றுத் தள்ளி ஒன்று என்று வைத்தால் போதும். முகவீணையின் கூர்மையான ஓசை மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்பதால் அதற்கு நேராக வைக்க வேண்டாம். பம்பையை ஒலிப்பதிவு செய்யும்போது இன்னும் தள்ளி நில்லுங்கள். அதன் அடி பக்கத்திலிருந்து பதிவானால் ஒலி உடைந்துவிடும். கோயிலின் குழாய் ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலியைப் பதிவு செய்வதால் பயனில்லை. குரலின் அடிப்பகுதி அதில் வருவதே இல்லை.

எல்லா ஊர்க்கலையும் காலைக்கு ஏற்றதல்ல என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ஒப்பாரி நம் பெண்களின் மிகச் சிறந்த கவிதை என்று நான் நம்புகிறேன். ஆனால் காலையில் விளக்கேற்றும் வீட்டில் அது ஒலித்தால் பெட்டியை அணைத்துவிடுவார்கள், அவர்கள் அணைப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கு இரவு நேரத்தில் இடம் கொடுங்கள். பம்பை உடுக்கையோடு சாமி அழைக்கும் பாட்டையும் அப்படியே நீளமாக ஒலிபரப்ப வேண்டாம். அதைக் கேட்டால் அருள் வருபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாட்டைப் பாடுபவர் அதைப் பற்றிப் பேசுவதை வைத்துக்கொண்டு, தாளத்தை மட்டும் சிறிது சேர்க்கலாம்.

நடுகல்லைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கல்வெட்டு அறிஞர்களை அழைப்பது நல்லதே. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்தபோது கிருஷ்ணகிரி மாவட்டமே பெருமைப்பட்டது. ஆனால் நம் பக்கத்தில் நடுகல் அருங்காட்சியகத்தில் மட்டும் இருக்கும் பொருள் கிடையாது. பல ஊர்களில் அது வேடியப்பன் என்ற சாமியாக நின்று பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கிறது. யாருடைய நிலத்தில் அந்தக் கல் நிற்கிறதோ அந்தக் குடும்பத்துப் பாட்டியிடம், என்றைக்கு எண்ணெய் பூசுவீர்கள், என்ன படைப்பீர்கள், கல்லில் உள்ள வீரன் யாரென்று உங்கள் மாமியார் சொன்னார் என்று கேளுங்கள். அறிஞரின் விளக்கத்தை அடுத்த நாள் அதே நேரத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. நேயர்கள் இரண்டையும் வைத்துத் தங்கள் வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

இன்னும் ஒன்று: பாடியவருக்குப் பணம் கொடுங்கள், தொகை சிறியதாக இருந்தாலும் சரி. பாட்டு பரம்பரைச் சொத்தாக இருக்கலாம். அதை அன்றைக்குப் பாடியவரின் நிகழ்த்துநர் உரிமை நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்திலிருந்தே இருக்கிறது. எழுத்தில் இசைவு பெற்று, பெயரையும் ஊரையும் ஒலிபரப்பில் தவறாமல் சொல்லுங்கள். வெறும் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று அறிவித்துவிட்டுப் பாடியவரை விட்டுவிடும் வழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது, அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மறுமொழி: கிருஷ்ணகிரி, ஒலிபரப்புப் பொறியாளர்

விதிகளைப் பற்றி யாரும் சொல்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன். சமுதாய வானொலிக்கான கொள்கை 2006-இல் வந்தது, 2024-இல் திருத்தப்பட்டது. அதன்படி வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட், கோபுர உயரம் 30 மீட்டர் என்ற வரம்புக்குள் இயங்க வேண்டும்; நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவானதாக இருக்க வேண்டும்; ஒலிபரப்பியவற்றை மூன்று மாதம் சேமித்து வைக்க வேண்டும். சொந்தமாகச் செய்தி தயாரித்துப் படிக்க அனுமதி கிடையாது. ஆனால் வானிலை, போக்குவரத்து, மின்தடை, குடிநீர், தேர்வு, வேலைவாய்ப்பு, திருவிழா, விளையாட்டு, நோய் எச்சரிக்கை முதலியவை செய்தியாகக் கருதப்படுவதில்லை. காலை நேயருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது இவைதான் என்பதால், இந்தத் தடை உங்கள் நிகழ்ச்சியைப் பெரிதாகப் பாதிக்காது. விலை நிலவரம் சொல்ல விரும்பினால் அங்காடி வெளியிடும் விலையை அப்படியே சொல்லுங்கள்.

பண்பலை அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். பென்னாகரம் மேட்டிலிருந்து ஒலிபரப்பினால் எதிரே திறந்து கிடக்கும் ஊர்களுக்கு நன்றாகக் கேட்கும். ஒகேனக்கல் இறக்கத்திலும் வத்தல்மலைக்குப் பின்னாலும் கேட்காமல் போக வாய்ப்புண்டு. கேட்காத ஊர்களைப் பற்றிய நேர்காணலைக் குறுங்கோப்பாக வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பும் ஏற்பாட்டையும் இப்போதே செய்துகொள்ளுங்கள். திரைப்பாடல்களுக்கு உரிமத் தொகை உண்டு. முதல் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

தொடர்ச்சி: பென்னாகரம் தமிழாசிரியை

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன நேர அட்டவணையை மாணவியர் தங்கள் வீடுகளிலும் பக்கத்து வீடுகளிலும் கேட்டுச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பாலக்கோடு அண்ணன் சொன்னதை மதித்து, வாரத்தில் இரண்டு நாள் நேர்காணலை வெட்டாமல் ஏழு மணிக்கு முன்னால் வைக்கலாம் என்றும், தொழில் நுட்பம் பேசும் நாள்களாக அவை இருக்கட்டும் என்றும் எண்ணுகிறேன். பாரதத் திருவிழாத் தொடரை நினைத்தால் இப்போதே மனம் துள்ளுகிறது.

இன்னொரு ஐயம் இருக்கிறது. நிகழ்ச்சி முழுவதும் செந்தமிழில் இருக்க வேண்டும் என்று குழுவில் ஒரு மூத்தவர் வற்புறுத்துகிறார். பேச வருபவர்களோ ஊர்ப் பேச்சில் பேசுவார்கள். கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழியாகக் கொண்டவர்களும் நம் இரு மாவட்டங்களிலும் நிறைய இருக்கிறார்கள். அவர்களை எப்படி அழைப்பது?

மறுமொழி: தேன்கனிக்கோட்டை, செவிலியர்

அம்மா, எங்கள் வட்டத்தில் இந்தக் கேள்வி நாள்தோறும் வருகிறது. காலை நோயாளர் வரிசையில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் கேட்கும். ஒருவர் தம் உடல்நிலையைத் தமக்குப் பழகிய மொழியில் சொல்லும்போது எவ்வளவு விவரமாகச் சொல்கிறார், பழகாத மொழியில் சொல்லும்போது எவ்வளவு சுருக்குகிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நேர்காணலுக்கும் அதுவே பொருந்தும். அவர் மொழியிலேயே பேசவிட்டு, இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு ஒருமுறை தொகுப்பாளர் தமிழில் சாரத்தைச் சொல்லிவிட்டுத் தொடரலாம். அறிவிப்பாளர் செம்மையான தமிழில் பேசட்டும். விருந்தினரின் பேச்சைத் திருத்த வேண்டாம். “போயிட்டு வந்தோமுங்க” என்று ஒரு பெரியவர் சொன்னதை “சென்று வந்தோம்” என்று திரும்பச் சொல்ல வைத்தால், அடுத்த கேள்விக்கு அவர் வாயைத் திறக்கத் தயங்குவார்.

மருத்துவ நேர்காணலைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு வந்தது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் தீங்கு என்பதை மருத்துவர் வந்து சொல்லலாம். ஆனால் பல்லில் பழுப்புக் கறை உள்ள ஒரு பெண், திருமணப் பேச்சின்போது தான் எதிர்கொண்டதைப் பெயர் குறிப்பிடாமல் சொன்னால், எந்தக் குழாயில் குடிக்கிறோம் என்று ஒவ்வொரு வீட்டிலும் அன்றைக்கே பேசுவார்கள். மருத்துவரின் பேச்சை அதற்கு அடுத்து வையுங்கள்.

அரூர் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கையும் மறக்காதீர்கள். அங்கே 1993-இல் தொடங்கிய பழங்குடி நல மருத்துவமனை இருக்கிறது. இலம்பாடிப் பெண்கள் தங்கள் தையல் வேலைப்பாட்டை மீட்டெடுத்துப் ‘போர்கை’ என்ற பெயரில் துணிகள் செய்கிறார்கள். ஊசி எடுத்த கையோடு அவர்கள் பாடும் பாட்டும் கேட்கத் தக்கது. மருத்துவம், கைத்தொழில், இசை என மூன்றும் ஒரே ஊரில் கிடைக்கின்றன.

மறுமொழி: தருமபுரி, ஓய்வுபெற்ற அறிவிப்பாளர்

பாலக்கோட்டுத் தம்பியின் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். தொழில் விளக்கம் வெட்டுப்படக் கூடாது. வாழ்க்கைக் கதையைத் துண்டாக்கலாம். அம்மா எடுத்த முடிவு சரியாகவே இருக்கிறது.

மொழி பற்றிச் செவிலியர் அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தமிழில் சாரம் சொல்பவர் விருந்தினரின் குரலுக்கு மேலே பேசாமல், அவர் வாக்கியம் முடிந்த பிறகு பேச வேண்டும். இரண்டு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரண்டு மொழிக்காரர்களுக்கும் விளங்காது.

தொடங்குவதற்கு முன்னால் பத்து நேர்காணல்களையாவது பதிவு செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் விருந்தினர் வர இயலாத நாள் வரும், தேர்வுக் காலத்தில் மாணவியர் வர இயலாத நாளும் வரும். கையிருப்பு இல்லாத நிலையங்களில் அப்படிப்பட்ட காலையில் இரண்டு மணி நேரமும் பாட்டாகவே போய்விடுகிறது. எட்டு இருபத்தைந்துக்கு நிகழ்ச்சியை முடிக்கும்போது, மறுநாள் பேச இருப்பவரின் குரலிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து ஒலிபரப்புங்கள். பெயரையும் தலைப்பையும் அறிவிப்பாளர் சொல்வதைவிட, அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவர் மறுநாள் ஆறரை மணிக்குத் திரும்பி வருவதற்கு வாய்ப்பு அதிகம்.